ஆறு வோல்ட் ராக்கப்பன்

கொச்சி மட்டாஞ்சேரியில் ராக்கப்பனைத் தெரியாத பெண்கள் கிடையாது. கார்ப்பரேஷனின் குடிதண்ணீர் லாரியை இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியவர். சுற்றிலும் காயலும் கடலும் இருக்கிற ஊர்தான், ஆனால் குழாயில் மட்டும் தண்ணீர் வராது. லாரி வரும் நேரத்தை வைத்துத்தான் பல வீடுகளில் உலை ஏறும். ராக்கப்பன் நேரம் தவறியதில்லை. வரிசையில் சண்டை வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங் மேல் கையை ஊன்றிக்கொண்டு, சண்டை ஓயும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார். யாருக்காகவும் பரிந்து பேச மாட்டார். கடைசிக் குடம் நிறையும்வரை லாரியையும் எடுக்க மாட்டார்.

அவருடைய அப்பா பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே துப்புரவு வேலைக்குச் சேர்ந்தவர். ராக்கப்பன் பிறந்து வளர்ந்தது எல்லாம் மட்டாஞ்சேரிதான். பேச்சு தமிழ், எழுத்து மலையாளம். அப்பா போன பிறகு இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். அது முடிந்தபோது அவருக்குப் பெண் பார்க்க வீட்டில் ஆள் இல்லை, வயதும் நாற்பதைத் தாண்டிவிட்டது. கார்ப்பரேஷன் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். கார்ப்பரேஷன் கராஜில் ஃபிட்டராக இருந்த எனக்குப் பக்கத்து வீடு. இந்தக் கதையில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி, பிற்பாடு அவரும், பேட்டரிக் கடை ஷைலஜாவும் ஆளுக்குக் கொஞ்சமாகச் சொன்னது.

தொண்ணூற்று மூன்றில் பஜார் ரோட்டில் ஒரு பழைய அரிசிக் கிட்டங்கி கைமாறியது. காலி செய்யும்போது கிழிந்த சாக்குக் குவியலுக்குப் பின்னால் ஒரு கார் நிற்பது தெரிந்தது. ஐம்பதுகளில் வந்த டாட்ஜ் கிங்ஸ்வே. கிட்டங்கி முதலாளியின் தகப்பனார் ஓட்டியது. பின்சீட்டில் பெருச்சாளி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. பழைய இரும்பு வாங்குகிறவன் வந்து விலை பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ராக்கப்பன் லாரியோடு அந்த வழியாகப் போனார். நிறுத்தி இறங்கினார். காரைச் சுற்றி வந்தார். இரும்புக்காரன் சொன்ன விலையைத் தானே தருவதாகச் சொல்லிவிட்டார்.

எதற்கு இந்த வேலை என்று நான் கேட்டேன்.

"தண்ணியவே ஏத்தி இறக்கி மடுத்துச் சலிச்சுப் போச்சு. மனுஷங்கள ஏத்தணும்னு ஒரு தோணல்" என்றார்.

அதை ஓட வைக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் காரடியில் கூடப் படுத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறேன். கரும்பச்சை பெயின்ட் அடித்து, நிக்கல் பட்டைகளைத் துடைத்து, சீட்டுக்குப் புது ரெக்சின் போட்டு அது தெருவில் இறங்கியபோது கடைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் பெண் மாப்பிள்ளைக்கு அந்த டாட்ஜ்தான். கோயிலானாலும் பள்ளிவாசலானாலும் சர்ச்சானாலும் அவருக்கு ஒன்றுதான். பெட்ரோல் போட்டால் போதும் என்பார். பிரசவம் ஆன பெண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவருவது, கலூர் அந்தோணியார் கோயிலுக்கு வேண்டுதல்காரர்களைக் கொண்டுபோவது எல்லாம் உண்டு. காருக்குள் ஏறுகிறவர்களின் முகத்தை அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். லாரியில் அந்தச் சந்தோஷம் கிடையாது.

ஒரே ஒரு குறை. இப்போதுள்ள கார்களுக்கெல்லாம் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. அந்தக் காலத்து டாட்ஜுக்கு ஆறு வோல்ட்தான். அது புதிதாக இருந்தபோது ஆறே போதுமானதாக இருந்திருக்கும். நாற்பது வருஷம் போன பிறகு, வயர்களும் இணைப்புகளும் துருவேறிய பிறகு, போதவில்லை. காலையில் ஸ்டார்ட்டரை அழுத்தினால் வயிற்றுவலிக்காரனைப் போல முனகும். எஞ்சின் சூடாக இருந்தால் அந்த முனகலும் இல்லை. தெருவில் உள்ளவர்கள் வந்து தள்ளுவார்கள். ஹெட்லைட் போட்டால் மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றியதுபோல மஞ்சளாய் ஒரு வெளிச்சம். தள்ள வந்த, மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளி ஒருவன்தான் ஒருநாள் மூச்சு வாங்கிக்கொண்டே "ஆறு வோல்ட் ராக்கப்பன்" என்று பெயர் வைத்தான். அது அப்படியே நின்றுவிட்டது.

அந்த அளவில் பெரிய ஆறு வோல்ட் பேட்டரி கடைகளில் கிடைப்பது நின்றுபோயிருந்தது. ஸ்கூட்டருக்குப் போடுகிற சின்னது கிடைக்கும், அது இதற்கு உதவாது. யாரோ சொல்லி ராக்கப்பன் சுள்ளிக்கலில் உள்ள ஒரு பேட்டரிக் கடைக்குப் போனார். வெங்கிடேஸ்வரன் என்பவர் வைத்த கடை. அவர் மஞ்சள்காமாலையில் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. அவர் மனைவி ஷைலஜா நடத்திக்கொண்டிருந்தாள். கணவன் இருந்தபோதே ஆசிட் கலப்பது, பிளேட் மாற்றுவது, ஈயம் உருக்கி முனை வார்ப்பது எல்லாம் கூட நின்று செய்தவள். கடைக்குப் பின்னால் வீடு. அதில் அவளும் மாமியார் ஆவுடையம்மாளும் மட்டும். பிள்ளைகள் இல்லை. ஷைலஜாவின் சேலைகள் எல்லாவற்றிலும் ஆசிட் தெறித்துப் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்திருக்கும். அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதில்லை.

ஒரு பழைய ரப்பர் பெட்டியில் அறைக்கு இரண்டு வோல்ட் கணக்கில் மூன்று அறைக்கு மட்டும் பிளேட் அடுக்கி அவரது காருக்கென்றே ஒரு பேட்டரி செய்துகொடுத்தாள் அவள். கார் வாரத்தில் ஒருநாள்தான் ஓடும் என்பதால் அது தானாகச் சார்ஜ் ஏறப் போதாது. வாரா வாரம் கழற்றிக் கொண்டுவந்து சார்ஜ் போட வேண்டும் என்றாள். அப்படித்தான் தொடங்கியது. புதன்கிழமை வேலை முடிந்து ராக்கப்பன் பேட்டரியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போய்க் கொடுப்பார். சனிக்கிழமை போய் எடுத்துவருவார்.

கொடுக்கவும் எடுக்கவும் கொஞ்ச நேரம் போதும். ஆனால் சாயா வரும். லாரி வரிசையில் நடந்த சண்டையைச் சொல்வார். அவள் சிரிப்பாள். அவள் ஆட்டோக்காரர்கள் சொல்லும் பொய்களைச் சொல்வாள். உள்ளே கட்டிலில் படுத்திருக்கும் ஆவுடையம்மாள் நடுவில் ஒரு வார்த்தை சொல்லுவாள். ஒரு புதன்கிழமை ராக்கப்பன் இஸ்திரி போட்ட சட்டையோடு பேட்டரியைக் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். ஆசிட் பேட்டரியைத் தூக்கப் போகிறவர் இஸ்திரி போட்ட சட்டையா போடுவார் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

ஷைலஜா அவரைச் சேட்டன் என்று அழைப்பாள். எங்கள் ஊரில் அந்தச் சொல் அண்ணனுக்கும் ஆகும், கட்டியவனுக்கும் ஆகும், முன்பின் தெரியாத பஸ் கண்டக்டருக்கும் ஆகும். எந்த அர்த்தத்தில் சொல்கிறார்கள் என்பது குரலில்தான் இருக்கும். அவள் குரலில் என்ன இருந்தது என்பதை ராக்கப்பன் சைக்கிள் மிதிக்கிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வருவாராம்.

வேலையில் அவள் கெட்டிக்காரி, நேர்மையும் உண்டு. முதலில் காரின் மெல்லிய பேட்டரி வயரை எடுத்துவிட்டுக் கட்டைவிரல் தடிமனில் வயர் போட்டாள். பாடியோடு சேரும் இடங்களிலெல்லாம் துருவைச் சுரண்டிப் புது போல்ட் முடுக்கினாள். ஒரு வருஷம் கார் நன்றாகவே ஓடியது. பிறகு டைனமோ தளர்ந்தது. ஆறு வோல்ட் பல்பும் கிடைக்காமல் போயிற்று. அப்போதுதான் அவள் முதல் தடவையாக, பன்னிரண்டுக்கு மாற்றிவிடலாம் என்று சொன்னாள். அதனால் தனக்கு வாரச் சார்ஜ் வேலை போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னாள்.

ராக்கப்பன் பார்க்கலாம் என்றார்.

கலூரில் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருந்த அஜீஷ் ஷைலஜாவிடம்தான் பேட்டரி வாங்குவான். அவனையும் கூட்டிவந்து காரைக் காட்டினாள். சுலபமான வேலை என்றான் அவன். ராக்கப்பன் தடை சொல்லத் தொடங்கினார். துணி சுற்றிய பழைய வயர், இரண்டு மடங்கு வோல்ட்டைத் தாங்காது என்றார். வோல்ட் கூடினால் வயரில் ஓடும் கரண்ட் பாதியாகிவிடும், வயருக்குச் சிரமம் குறையும் என்றான் அஜீஷ். ஸ்டார்ட்டர் கருகிவிடும் என்றார். சொடக்குப் போடும் நேரம்தான் சுற்றப்போகிறது, ஒன்றும் ஆகாது என்றான். பெட்ரோல் மீட்டர் கெடும் என்றார். அதற்கு மட்டும் வோல்ட்டைக் குறைக்கிற ஒரு சின்னத் துண்டு வைத்தால் சரியாகும் என்றான். கடைசியில் ராக்கப்பன், செய்தவர்கள் செய்தபடியே ஒரு வண்டி இருப்பதுதான் அதற்கு மரியாதை என்றார். அஜீஷ் பானெட்டை மூடினான். ஷைலஜா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

இப்படியே மூன்று நான்கு வருஷம் போயிற்று. வாரா வாரம் சார்ஜ், வாரா வாரம் சாயா.

தொண்ணூற்றொன்பது அக்டோபர் கடைசியில் பனையப்பள்ளிப் பையன் ஒருவனுக்கு எர்ணாகுளத்தில் கல்யாணம். பையன் பெயர் பினு. விருந்து முடிந்து பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போதே வானம் இருட்டிவிட்டது. பொழுது சாயும் நேரம், கூடவே இடியும் மழையும். தோப்பும்படிப் பாலத்தில் ஏறும்போது ராக்கப்பன் ஹெட்லைட்டைப் போட்டார். வைப்பரும் ஓடியது. இரண்டும் சேர்ந்து ஓடியதில் வெளிச்சம் இன்னும் சுருங்கி, பானெட்டின் நுனி வரைக்கும்தான் தெரிந்தது.

பாலத்தின் இறக்கத்தில் முன்னால் ஒரு சைக்கிள் போவதை அவர் பார்த்தபோது அது பம்பருக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தது. பிரேக்கின் மேல் ஏறி நின்றார் என்றே சொல்ல வேண்டும். கார் வழுக்கிக்கொண்டு போய்ச் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தொட்டது. தொட்டது அவ்வளவுதான். சைக்கிள்காரன் விழுந்தான். கேரியரில் கட்டியிருந்த மீன்பெட்டி உடைந்து பாலம் முழுக்க மத்தி சிதறியது.

ராக்கப்பன் இறங்கி ஓடினார். முழங்கால் உரிந்ததைத் தவிர அந்த ஆளுக்கு வேறு காயமில்லை. மீன்காரர் திட்டவும் இல்லை. எழுந்து உட்கார்ந்து, மழையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மலையாளத்தில் ஒன்றுதான் கேட்டார்: லைட் போட்டுக்கொண்டு வரக்கூடாதா, சேட்டா?

லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

மாப்பிள்ளை பினு பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி மத்தியைப் பொறுக்கினான். அந்தப் பெண் தலை நிறையப் பூவோடு வந்து, அடிபட்ட ஆளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து சிலர் இறங்கி உதவினார்கள். எல்லாம் அடங்கிய பிறகும் ராக்கப்பன் மறுபடி ஸ்டியரிங்கைத் தொடவில்லை. காரை ஓரமாக விட்டுவிட்டு, பெண் மாப்பிள்ளையை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். பினுவின் அம்மா அதைச் சகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை. புது மருமகள் மீன்வாசத்தோடு வீடேறினாள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். ராக்கப்பனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மறுநாள் அந்த மீன்காரர் வீட்டைத் தேடிப்போய்ப் பார்த்து, சைக்கிளைத் தன் செலவில் சரிசெய்து கொடுத்தார்.

அந்தப் புதன்கிழமை வழக்கம்போல் பேட்டரியோடு சுள்ளிக்கலுக்குப் போனார். சைக்கிளிலிருந்து பேட்டரியை அவிழ்க்கும்போதே ஷைலஜா சொன்னாள்: "அவிழ்க்க வேண்டாம். அங்கயே இருக்கட்டும்."

"கேள்விப்பட்டீங்களா" என்றார்.

"மட்டாஞ்சேரியே கேள்விப்பட்டாச்சு. அந்த ஆளு காலு போயிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

அவர் அவிழ்த்த கயிற்றை மறுபடி இறுக்கினார்.

"பன்ரண்டு ஆக்க வேண்டாங்கறதுக்கு ஒரு காரணம் சொல்லுங்க, சேட்டா. அஜீஷ்கிட்ட சொன்னதெல்லாம் காரணம் இல்ல. நேரான காரணமா ஒண்ணு சொல்லுங்க. நான் கேக்கறேன்."

நேரான காரணம் ஒன்று அவரிடம் இருந்தது. ஆனால் வாசலில் ஒரு ஆட்டோக்காரன் நின்றுகொண்டிருந்தான். உள்ளே ஆவுடையம்மாள் இருமிக்கொண்டிருந்தாள். கடை முழுவதும் கரண்ட் இரைந்துகொண்டிருந்தது. "ஒண்ணுமில்ல" என்றார்.

"அப்போ இனி இத நான் சார்ஜ் போட மாட்டேன். இங்க கொண்டுவர வேண்டாம்."

ராக்கப்பன் திரும்பி வந்துவிட்டார். சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தார். காரின் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடினார். கல்யாணத்துக்குக் கேட்டு வந்தவர்களிடம் வண்டி சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். வேறு எங்காவது சார்ஜ் போட்டுக்கொள்ளலாமே என்று நான் சொன்னேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். லாரியை முன்போலவே நேரத்துக்கு ஓட்டினார். ஆனால் வரிசையில் சண்டை வந்தால் முன்போல் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஒருநாள் ஒரு பெண்ணைப் பார்த்து அதட்டிவிட்டார். அவள் அதை ஒரு வாரம் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ராக்கப்பன் அதட்டினார் என்றால் யாரும் நம்பவில்லை.

டிசம்பரில், வீட்டு வாசல்களில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கத் தொடங்கிய சமயம், பெரிய குழாய் ஒன்று உடைந்து பல தெருக்களுக்குத் தண்ணீர் நின்றது. பனையப்பள்ளியில் லாரியை நிறுத்தி, ஆள் குறைவென்பதால் ராக்கப்பனே இறங்கிக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். குடங்கள் ஒவ்வொன்றாக வந்தன. வந்த ஒரு குடத்தைப் பிடித்திருந்த கையில் ஆசிட் பட்ட வெள்ளைத் தழும்புகள் இருந்தன. நிமிர்ந்து பார்த்தார். ஷைலஜா.

அது அவளுடைய தெரு இல்லை. அவள் தெருவுக்கு லாரி காலையிலேயே போய்விட்டது.

"உங்க பக்கத்துக்குத் தண்ணி வரலையா?" என்று கேட்டார்.

"வந்துது."

"பின்னே?"

"புதன்கிழமை ஆளக் காணோமே."

"நீங்கதான வர வேண்டாம்னு சொன்னீங்க" என்றார்.

"பேட்டரி கொண்டுவர வேண்டாம்னு சொன்னேன். உங்கள வர வேண்டாம்னு எப்போ சொன்னேன்?"

குடம் நிறைந்து வழிந்தது. அவர் வால்வை மூட மறந்து நின்றார். வரிசையில் பின்னால் நின்ற பெண்கள் தண்ணீர் போகிறது, தண்ணீர் போகிறது என்று சத்தம் போட்டார்கள். ஒரு சொட்டு சிந்தினால்கூட முகம் சுளிக்கிற மனுஷர், கால் நனையும்வரை உணரவில்லை. ஷைலஜா குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், சுள்ளிக்கல் வரைக்கும் அதைச் சுமந்துகொண்டே நடந்து போனாள்.

அடுத்த புதன்கிழமை ராக்கப்பன் வெறுங்கையோடு போனார். பேட்டரி இல்லாமல் அந்தக் கடைக்குள் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொல்லியிருக்கிறார். சாயா வந்தது. அதைப் பிடித்துக்கொண்டார். அன்று வேறு ஆள் யாரும் கடையில் இல்லை.

"காரணம் கேட்டீங்கல்லே" என்று தொடங்கினார். "ஆறு வோல்ட்டா இருந்தாத்தான் வாரா வாரம் இங்க வர எனக்கு ஒரு காரியம் இருக்கும். பன்ரண்டு ஆயிட்டா எதச் சொல்லி வருவேன்?"

ஷைலஜா ஒரு பேட்டரி முனையை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பதை நிறுத்தவில்லை. "காரியம் இல்லாமலும் வரலாம்" என்றாள். பிறகு, அவர் எழுந்து போகும்போது, "ஞாயித்துக்கிழமை காரைத் தள்ளியாவது இங்க கொண்டுவாங்க. அஜீஷ் வருவான்" என்றாள்.

நாங்கள் தள்ளித்தான் கொண்டுபோனோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. கடை வாசலில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அஜீஷும் ஷைலஜாவும் தலையை உள்ளே விட்டால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே எடுப்பார்கள். டைனமோ, காயில், ரெகுலேட்டர், எல்லா பல்புகளும் மாறின. பெட்ரோல் மீட்டருக்கு அந்தச் சின்னத் துண்டு போட்டார்கள். ஸ்டார்ட்டர் பழையதே இருக்கட்டும் என்று விட்டார்கள். ராக்கப்பன் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது, சாயா வாங்கிவருவது, நடுவில் நின்று பார்ப்பது என்று வேலையற்ற மாப்பிள்ளை மாதிரி இருந்தார். ஹார்னை மாற்ற மறந்துவிட்டார்கள். சோதித்துப் பார்க்க அஜீஷ் அதை அழுத்தியபோது படகுத்துறை சங்குபோல ஒரு அலறல் எழுந்தது. ஆவுடையம்மாள் கட்டிலிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்து எல்லாரையும் ஏசினாள். அவள் வாசலுக்கு நடந்து வந்தே மாதக்கணக்கு ஆகியிருந்தது.

கடைசியில் ஷைலஜாவே டிரைவர் சீட்டில் ஏறி ஸ்டார்ட்டரை அழுத்தினாள். பழக்கதோஷத்தில் நாங்கள் நாலு பேர் டிக்கியில் கை வைத்துத் தள்ளத் தயாராக நின்றோம். முனகல் இல்லை. அழுத்திய கையோடு எஞ்சின் பிடித்துக்கொண்டது. கியரில் இருந்தது அவளுக்குத் தெரியாது. கார் ஒரு துள்ளுத் துள்ளி முன்னால் போய் நின்றுபோனது. நாங்கள் நாலு பேரும் ஒருவர்மேல் ஒருவராகத் தெருவில் விழுந்தோம். ராக்கப்பன் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

ஊர் பேசத்தான் செய்தது. லாரி டிரைவருக்கு இந்த வயதில் என்ன என்றார்கள். அவளைப் பற்றி அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பேசினார்கள். ஷைலஜாவுக்கு அது பெரிதாகப் படவில்லை. அவள் பயந்தது மாமியாரை நினைத்துத்தான். மகன் போன பிறகு ஆவுடையம்மாளுக்கு அவளைத் தவிர யாரும் கிடையாது. கிழவியை விட்டுவிட்டு எங்கும் வர மாட்டேன் என்று ராக்கப்பனிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தாள்.

ஆவுடையம்மாளே ஒருநாள் அவரை உள்ளே கூப்பிட்டாள். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போடச் சொன்னாள்.

"மகன் போனப்போ இந்தக் கடைய மூடச் சொன்னேன். இவ மூடல. அதுனாலதான் எனக்குக் கஞ்சி கெடச்சுது. இப்ப இவளயும் கூட்டிட்டுப் போயிருவியாப்பா?"

"அவங்க எங்கயும் வர வேண்டாம், அம்மே" என்றார் ராக்கப்பன். "நீங்க சம்மதிச்சா நான் இங்க வர்றேன்."

கிழவி தலையணையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, நீ குறட்டை விடுவியா என்று கேட்டாள். விடுவேன் என்று அவர் ஒத்துக்கொண்டார். அப்படியானால் திண்டாட்டம் அவளுக்குத்தான், எனக்குக் காது கேட்காது என்றாளாம். சம்மதம் சொன்னது அவ்வளவுதான். அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

இரண்டாயிரம் மே மாதம் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் அஜீஷும் உண்டு. அந்த டாட்ஜை வேறு யார் கையிலும் கொடுக்க ராக்கப்பனுக்கு மனசில்லை. அதனால் மாப்பிள்ளையே வண்டி ஓட்டிக்கொண்டு தன் கல்யாணத்துக்குப் போனார். பக்கத்து சீட்டில் ஷைலஜா. ஓட்டை இல்லாத புதுச் சேலை. பின்சீட்டு முழுவதும் ஆவுடையம்மாள் ஒருத்திக்கே. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வழியில் தெரிந்தவர்களைப் பார்த்தால் கையை உயர்த்தினாள். தண்ணீர் லாரிக்கு நிற்கும் பெண்கள் தெருமுனைகளில் நின்று பார்த்தார்கள். சிலர் குலவையிட்டார்கள். பெரிய தங்கை பாலக்காட்டிலிருந்து வரவில்லை. அண்ணன், கணவனை இழந்தவளைக் கட்டுகிறான் என்று அவளுக்கு வருத்தம். இரண்டு வருஷம் கழித்து ஓணத்துக்கு ஒரு பை நிறைய நேந்திரங்காய் சிப்ஸோடு வந்து இறங்கினாள். யாரும் பழையதைப் பேசவில்லை.

ராக்கப்பன் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சுள்ளிக்கல் வீட்டுக்குப் போனார். கடை வளர்ந்தது. கரண்ட் போகாத நாளில்லை என்பதால் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கினார்கள். அந்தப் பெரிய பேட்டரிகளை விற்கவும் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவும் ஷைலஜாவுக்கு நேரம் சரியாக இருந்தது. பொழுது சாயும் வேளையில் கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் காரில் போர்ட் கொச்சிக்குப் போவார்கள். சில நாள் பாலத்தைத் தாண்டி எர்ணாகுளம்வரை. விளக்கு வெளிச்சத்தில் எதிரே வருகிறவர்களின் முகமெல்லாம் தெரிகிறது என்று முதல் தடவை போய்வந்த அன்று ராக்கப்பன் என்னிடம் சொன்னார். இத்தனை வருஷம் எப்படி ஓட்டினேனோ என்றார்.

ஆவுடையம்மாள் இரண்டாயிரத்து நான்கில் போனாள். கொள்ளி வைத்தது ராக்கப்பன். இரண்டாயிரத்து ஏழில் அவர் ரிட்டயர் ஆனார். கடைசி நாள் லாரியைப் பனையப்பள்ளியில் நிறுத்தியபோது பெண்கள் சேர்ந்து அவருக்கு ஒரு ஸ்டீல் குடம் வாங்கிக் கொடுத்தார்கள். அவர் அழுததாகச் சிலர் சொல்கிறார்கள். அவர் ஒத்துக்கொள்வதில்லை. இப்போது கடையில்தான் இருக்கிறார். பேட்டரியைத் தூக்காதீர்கள், முதுகு போய்விடும் என்று ஷைலஜா சொல்லிக்கொண்டே இருப்பாள். அவள் உள்ளே போகிற நேரம் பார்த்துத் தூக்குவார்.

போன வருஷம் பழைய கார்கள் சேர்க்கிற ஒருவர் பெங்களூரிலிருந்து விசாரித்துக்கொண்டு வந்தார். நல்ல மனுஷர். காரின் கீழே படுத்துப் பார்த்தார், கதவுகளைத் திறந்து மூடிப் பார்த்தார், இப்படி ஒரு கிங்ஸ்வேயைத் தான் பார்த்ததில்லை என்றார். பானெட்டைத் திறந்ததும் முகம் வாடிவிட்டது. இதை ஆறு வோல்ட்டாகவே விட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், ஏன் மாற்றினீர்கள் என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார்.

ராக்கப்பன் தலையைச் சொறிந்தார். "வீட்ல சொன்னாங்க" என்றார்.

வந்தவர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். தன் வீட்டிலும் அதே கதைதான் என்றார். உள்ளேயிருந்து ஷைலஜா, வந்தவருக்குச் சாயா போடட்டுமா, சர்க்கரை எவ்வளவு என்று கேட்டாள்.